எங்க வீட்ல யாரும் குறட்டை விட மாட்டோம்

எந்தம்பி பொண்டாட்டி பவானிய நல்லவன்னு சொல்ற ஆளு யாராவது இந்த பஸ்ஸுல இருந்தா, காரியாபட்டி வர்றதுக்குள்ள எறங்கிரச் சொல்லுங்கக்கா. என் வாய் சும்மா இருக்காது. அப்பறம் என்னையக் கொற சொல்லக் கூடாது.

ஆளப் பாத்தா ஒன்னும் தெரியாது. "மதினி, மதினி"ன்னு பின்னாடியே வருவா. நான் உக்காருன்னா உக்காருவா. கல்யாணமாகி வந்து இம்புட்டு வருசத்துல என் முன்னாடி கொரல ஒசத்திப் பேசுனவளே இல்ல. பேசுனது ஒரே ஒரு தடவ. அந்த ஒரு தடவையில எம்மக நாகஜோதி கல்யாணத்தையே கலைச்சுப்புட்டா.

நீங்க மதுரைக்குத்தானக்கா? நானும் மதுரைக்குத்தான். ஆஸ்பத்திரி பேரு வேணாம், நமக்கு எதுக்கு வம்பு. எந்தம்பி மக சஷ்டிகாவுக்கு நாளைக்கு டான்சில் ஆபரேசன். ஒம்பது வயசுப் பிள்ள. என்னைய யாரும் வான்னு கூப்பிடல. கூப்பிடலைன்னா போகக் கூடாதா? அத்தக்காரி நானு. போறேன். போயி அவள நல்லா நாலு கேள்வி கேக்கத்தான் போறேன்.

கதைய மொதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் ஞாயம் எம்பக்கம் இருக்குறது உங்களுக்கு வெளங்கும்.

எங்க வம்சத்துல ஒரு சின்ன சங்கதி இருக்குக்கா. தூங்கும்போது கொஞ்சம் சத்தம் வரும். கொஞ்சம்னா, எங்கப்பா படுத்தா பக்கத்து வீட்டு மாடு கயித்த அத்துக்கிட்டுப் போகும். எந்தம்பி ஜெகதீசன் குவைத்துல டிரைவரா இருக்கான். அங்க அவன் கூட ரூம்ல இருந்தவங்க பூராம் வேற வேற எடத்துக்கு வேல மாறிப் போயிட்டாங்க. நல்ல சம்பளம் கெடச்சிருக்கும். எம்மக காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப அவளுக்கு மட்டும் தனி ரூம் குடுத்தாங்க. நல்லாப் படிக்கிற பிள்ளைக்குத் தனி ரூம்னு நான் தெரு பூராம் சொல்லிட்டு வந்தேன். நானா? நான் விடுறனா இல்லையான்னு எனக்கு எப்படிக்கா தெரியும். எங்க வீட்டுக்காரரு மொட்டமாடியிலதான் படுப்பாரு. காத்துக்காகன்னு சொல்லுவாரு. ஐப்பசி மழையில கூட கொடையப் பிடிச்சுக்கிட்டு மேல போவாரு. அவருக்குக் காத்துன்னா அப்படி ஒரு பிரியம்.

இப்ப நாகஜோதிக்கு வந்த எடத்தக் கேளுங்க. திருநகர்ல சொந்த வீடு, மாப்பிள்ளைக்குக் கப்பலூர்ல கம்பெனி வேல, ஒரே பையன். எல்லாம் பொருந்தி வந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா ராஜாமணியம்மாவுக்கு மட்டும் காது. கேக்காதுன்னு நெனச்சிராதீங்க. கேக்குற காது. அந்தம்மாவுக்குச் சத்தமே ஆகாதாம். வீட்ல செவுத்துக் கடியாரத்துக்குப் பேட்டரி போட மாட்டாங்களாம். அந்தம்மா கோயிலுக்குப் போன நேரம் பாத்துத்தான் மிக்ஸியில சட்னி அரைப்பாங்களாம். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எங்க வீட்டு ஃபேன நிமிந்து ஒரு பார்வ பாத்துச்சு பாருங்க, அத்தோட நான் அத அமத்திப்புட்டேன். எல்லாரும் வேர்த்துக் கொட்டிக்கிட்டே கேசரி தின்னோம். போகும்போது அந்தம்மா என் கையப் பிடிச்சு, "எனக்கு வேற எதுவும் வேணாம்மா, வீடு அமைதியா இருக்கணும், அம்புட்டுதான்"னு சொல்லுச்சு. நான் சொன்னேன், "நாங்க இருக்குற எடமே தெரியாதுங்க"ன்னு.

நிச்சயத்துக்கு நாள் பாத்துட்டு இருக்கோம், இந்தச் சஷ்டி வயித்தப் பிடிச்சுக்கிட்டு உருள ஆரம்பிச்சா. குடல்வால் வீங்கிருச்சுன்னு மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. தம்பி ஊர்ல இல்ல, பவானிக்கு ஒன்னும் தெரியாது, நாந்தான் கார் பிடிச்சு, நாந்தான் மடியில போட்டுக்கிட்டுப் போனேன். அந்தப் பிள்ளைய பவானி பெத்தாளே ஒழிய எங்கிட்ட வளந்த பிள்ளக்கா. ஒரே காம்பவுண்டுல ரெண்டு வீடு, நடுவுல ஒரு கதவு. சாப்பிடுறது அங்க, தூங்குறது எம்பக்கத்துல.

ஆஸ்பத்திரியில சேத்த கையோட ராஜாமணியம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் வந்துட்டாங்க. சம்பந்தம் பேசுன வீட்ல ஒரு சீக்குன்னா வந்து பாக்கணுமில்ல, அது மொற. ஆர்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமா வந்து உக்காந்தாங்க. "ஆபரேசன் முடிஞ்சு பிள்ளையக் கண்ணால பாத்துட்டுத்தான் கெளம்புவோம்"னாங்க. அவங்க நல்ல மனசு. எனக்குத்தான் அவங்க எப்படா கெளம்புவாங்கன்னு இருந்துச்சு. ஏன்னா பிள்ள தூங்குனா என்னாகும்னு எனக்குத் தெரியும்.

அந்நேரம் பாத்து மயக்க மருந்து குடுக்குற டாக்டரம்மா வந்துச்சு. சின்ன வயசு, மொகத்துல சிரிப்பே இல்ல. பிள்ளைக்கு ஆஸ்துமா உண்டா, பல்லு ஏதும் ஆடுதா, எப்ப சாப்பிட்டுச்சுன்னு வரிசையாக் கேட்டுச்சு. எல்லாத்துக்கும் பவானி பதில் சொன்னா. அப்பறம் கேட்டுச்சு, "பாப்பா தூங்கும்போது குறட்டை விடுமா? நடுவுல மூச்சு நின்னு நின்னு வருமா?"

இத ஒரு கேள்வின்னு, சம்பந்தகாரங்க முன்னாடி ஒரு பொம்பளப் பிள்ளையப் பத்திக் கேப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. பவானி வாயத் தொறந்தா. நான் அவ கால ஒரு மிதி மிதிச்சேன். மிதிச்சுக்கிட்டே, "எங்க வீட்ல யாரும் குறட்டை விட மாட்டோம் டாக்டர்"னு சொல்லிட்டேன்.

"நான் பாப்பாவத்தான் கேட்டேன்"னுச்சு அந்த டாக்டரம்மா.

"பாப்பாவும் எங்க வீடுதான் டாக்டர். பூ மாதிரி தூங்கும்."

டார்ச் அடிச்சுப் பிள்ள வாயப் பாத்துச்சு. "டான்சில் இம்புட்டுப் பெருசா இருக்கே, நிஜமாவே விடாதா?"ன்னு மறுபடியும் கேக்குது. சந்தேகப் புத்தி. "போர் தண்ணி மாத்திக் குடிச்சதுல வீங்கியிருக்கும்"னு சொன்னேன். பக்கத்துல ராஜாமணியம்மா நிம்மதியாத் தலைய ஆட்டிக்கிட்டு இருக்கு. எனக்கு அதப் பாக்கப் பாக்க மனசு நெறஞ்சு போச்சு.

இப்ப இதுல என் தப்பு என்னக்கா? அந்த டாக்டரம்மா எதுக்காகக் கேக்குறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணுமா இல்லையா? மொட்டையா வந்து குறட்டை விடுவியான்னு கேட்டா, மானம் உள்ளவ யாரு ஆமான்னு சொல்லுவா?

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுச்சு. வார்டுக்குக் கொண்டாந்து போட்டாங்க. வலி தெரியாம இருக்க மார்ஃபின்னு ஒரு மருந்து, சொட்டுச் சொட்டா கையில ஏறுது. வெரல்ல துணி கிளிப்பு மாதிரி ஒன்ன மாட்டி, தலமாட்டுல ஒரு மிசினு. ஜெசிந்தான்னு ஒரு சிஸ்டர். அந்தச் சிஸ்டர் வந்து, "பாப்பாவ அப்பப்ப கூப்பிட்டுப் பாருங்க, கூப்பிட்டா கண்ணத் தொறக்கணும். ரொம்ப அசந்து தூங்குனாலோ மூச்சு ஒரு மாதிரி இருந்தாலோ ஒடனே என்னையக் கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போச்சு. வலியில துடிச்ச பிள்ள இப்பத்தான் தூங்குது, அத எழுப்பணுமாம். நான் பவானிகிட்ட, "நீ பேசாம இரு, பிள்ள தூங்கட்டும்"னேன். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நானு. அந்தப் பக்கம் ஸ்டூல போட்டு ராஜாமணியம்மா. நேருக்கு நேரா.

கொஞ்ச நேரந்தான். ஆரம்பிச்சுட்டா எங்கம்மா சஷ்டி.

மொதல்ல லேசா, சோத்துப் பான மூடி ஆடுற மாதிரி. ராஜாமணியம்மா தலையத் திருப்புச்சு. நான் ஒரு இருமல் இருமுனேன். மறுபடியும் வந்துச்சு, மறுபடியும் இருமுனேன். அவ விட விட நான் இரும, நான் இரும இரும அவ விட, ஒரு கட்டத்துல எனக்கே நெஞ்சு வலிக்குது. ஜெசிந்தா சிஸ்டர் எட்டிப் பாத்து, "அம்மா, இருமல் இருக்குறவங்க பிள்ளைங்க வார்டுல இருக்கக் கூடாது"ன்னு மொகத்துல ஒரு மாஸ்க்க மாட்டி விட்டுருச்சு. மாஸ்க்குக்குள்ள இருமுனா சத்தம் பத்தல.

செல்ல எடுத்து அம்மன் பாட்டு ஒன்னப் போட்டேன். சத்தமா. "பிள்ளைக்குப் பாட்டுக் கேட்டாத்தான் கொணமாகும்"னேன். பாட்டு நல்லாத்தான் போச்சு, பம்ப மேளம் அடிக்கிற எடம் வந்துச்சு, அதோட சேந்து இவளும் தாளம் தப்பாம விடுறா. ராஜாமணியம்மா காதப் பொத்திக்கிட்டு, "அந்தப் பாட்ட அமத்துங்கம்மா, புண்ணியமாப் போகும்"னுச்சு. அமத்துனேன். அமத்துனதும் வார்டு முழுக்க சஷ்டி சத்தந்தான்.

"என்ன சத்தம் அது?"ன்னு கேட்டுச்சு.

அடுத்த கட்டில்ல கை ஒடஞ்ச பையன் ஒருத்தன். அவங்கப்பா, பாவம், ஒல்லியான மனுசன், செவுத்துல சாஞ்சு உக்காந்து தினசரி படிச்சுட்டு இருந்தாரு. நான் கண்ணக் காட்டி, "அவருதான்"னு சொல்லிட்டேன்.

"அவரு முழிச்சுல்ல இருக்காரு, படிக்கிறாரே?"

"சில பேரு படிச்சுக்கிட்டே விடுவாங்கங்க. எழுத்து சின்னதா இருந்தா அப்படி வரும்."

அந்த மனுசன் பேப்பரத் தாழ்த்தி என்னையப் பாத்தாரு. நான் அவரப் பாக்கவே இல்ல. மேல ஃபேனப் பாத்தேன். அவரு என்ன நெனச்சாரோ, பேப்பர மடிச்சு வச்சுட்டு வாய இறுக்க மூடிக்கிட்டாரு. மூடுனாலும் சத்தம் வருதே. அதுக்கு நான் என்ன பண்றது.

அப்பத்தான், எந்தெய்வம் கண்ணத் தொறந்த மாதிரி, சத்தம் நின்னுருச்சு.

அப்பாடான்னு இருந்துச்சுக்கா. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அந்நேரம் இருந்த நிம்மதி வேற எப்பவும் இருந்ததில்ல. ராஜாமணியம்மா மொகமும் தெளிஞ்சிருச்சு. "இப்பத்தான் பாப்பா நல்லாத் தூங்குது"ன்னு நான் சொன்னேன். "ஆமா, பூ மாதிரி"ன்னு அந்தம்மா சொல்லுச்சு. நாகஜோதிக்கு எந்த மண்டபம் பிடிக்கலாம்னு பேச்ச எடுத்தேன். மண்டபத்துப் பேரச் சொல்லி முடிக்கல, மிசினு கீகீன்னு கத்த ஆரம்பிச்சிருச்சு.

ஜெசிந்தா சிஸ்டர் ஓடி வந்த வேகத்துல ஆர்லிக்ஸ் பாட்டில் உருண்டு ஒடஞ்சு போச்சு. "சஷ்டிகா, சஷ்டிகா, கண்ணத் தொற"ன்னு உலுக்குது. நெஞ்சுல முட்டிய வச்சுத் தேய்க்குது. பிள்ள அசையல. நான் அப்பத்தான் மொகத்தப் பாத்தேன். ஒதடு நாவப்பழம் தின்ன நெறத்துல இருக்கு. என் சீவன் போயிருச்சுக்கா. சிஸ்டர் தாடையத் தூக்கிப் பிடிச்சு, மாஸ்க்க வச்சுப் பலூன் மாதிரி ஒன்ன அமுக்கி அமுக்கி மூச்சுக் குடுக்குது. அந்த டாக்டரம்மா எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல, சொட்டு மருந்த அடைச்சுச்சு, ஊசி மருந்த ஒடைக்கச் சொல்லுச்சு. ஒரு பக்கம் ஊசி ஏறுது, ஒரு பக்கம் எங்களப் பாத்து, "நெசத்தச் சொல்லுங்க, இந்தப் பிள்ள குறட்டை விடுமா?"ன்னு கேக்குது.

நான் ராஜாமணியம்மாவப் பாத்தேன். ஒரு நிமிசம் யோசிச்சு, பக்குவமா, ரெண்டு பக்கமும் கெடாம ஒரு வார்த்த சொல்லிருப்பேன். அதுக்குள்ள இந்தப் பவானி.

அவ கத்துனது கீழ மருந்துக் கட வரைக்கும் கேட்டிருக்கும். "விடுவா டாக்டர். தெனமும் விடுவா. எங்க வீட்டுக்காரரு விடுவாரு. இந்தா நிக்கிறாங்களே எங்க மதினி, இவங்க விடுற விடுல எங்க வீட்டுக் கதவு ஆடும். இவங்க மக நாகஜோதியும் விடுவா. இந்த வம்சமே விடும். நான் சொல்ல வந்தப்ப என் கால மிதிச்சுட்டாங்க. எம்பிள்ளையக் காப்பாத்துங்க."

டாக்டரம்மா கேட்டது பிள்ளைய மட்டுந்தானக்கா? நாகஜோதி பேர எதுக்கு இழுக்கணும்? அவளுக்கா ஆபரேசன்? இதத்தான் நான் இன்னைக்குக் கேக்கப் போறேன்.

ஊசி போட்டதும் பிள்ள ஒரு இழுப்பு இழுத்துச்சு. அப்பறம் கண்ணத் தொறந்து, வலிக்குது வலிக்குதுன்னு வார்டே அதிர அழுதா. அந்த அழுகைய நான் உக்காந்து கேட்டேன். நானும் அழுதேன். அந்த அடுத்த கட்டில் மனுசன் கூட அழுதாரு. ராஜாமணியம்மா காதப் பொத்தல, அதையும் பாத்தேன். ஸ்டூல விட்டு எந்திரிச்சுப் போயி பவானியக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு. என்னையத் திரும்பிக் கூடப் பாக்கல.

பிள்ளைய வேற ரூமுக்கு மாத்தி, கண்ணு எடுக்காம பாத்துக்கிட்டாங்க. மறுநாள் டாக்டரம்மா உக்கார வச்சுச் சொல்லுச்சு. வலிய அமத்துற அந்த மருந்து மூச்சையும் மெதுவாக்குமாம். டான்சில் பெருத்து, தூங்கும்போது மூச்சு அடைபடுற பிள்ளைக்குக் கம்மியாக் குடுத்து, கூடுதலாப் பாத்துக்கணுமாம். அதுக்காகத்தான் கேட்டுச்சாம். இத மொதல்லயே சொன்னா என்ன?

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையோட அப்பா போன் போட்டாரு. "குறட்டைக்காக இல்லம்மா. குறட்டை யாரு வீட்ல இல்ல? பச்சப்பிள்ள மூச்சு விசயத்துலயே பொய் சொல்லிட்டீங்களே, அதத்தான் எங்க வீட்ல தாங்க முடியல"ன்னு சொன்னாரு. எவ்வளவு நாசூக்கா சொல்றாரு பாத்தீங்களா. குறட்டைதான் காரணம். பெரிய மனுசங்க நேரா சொல்ல மாட்டாங்க. நாகஜோதியாவது எம்பக்கம் நிப்பான்னு பாத்தா, "பவானி அத்த பண்ணுனதுதான் சரி"ங்கிறா. எல்லாரும் ஒரு கூட்டு.

பவானி இப்ப நடுக்கதவப் பூட்டிப்புட்டா. பிள்ள அவகிட்டயே படுக்குது. எங்கிட்டப் பேச்சு இல்ல. ஆபரேசன் நாளக் கூட எதிர்வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதே ஆஸ்பத்திரிதான், இதுக்கும் வலிக்கு மருந்து குடுப்பாங்கதான? மறுபடியும் கேப்பாங்கதான?

சண்ட போடவா இம்புட்டுத் தூரம் போறீங்கன்னு கேக்குறீங்க. சண்டதான். ஆனா ஒன்னு சொல்றேன் கேளுங்க. பவானிக்கு என்ன தெரியும்? "குறட்டை விடுவா"ன்னு தெரியும். அம்புட்டுதான். அவ படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா. பக்கத்துல படுத்தவ நானு. எனக்குத்தான தெரியும். மல்லாக்கப் படுத்தாத்தான் பிள்ளைக்குச் சத்தம் ஏறும். ஏறி ஏறி வந்து டப்புன்னு நின்னுரும். நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போடும், மூச்சு வெளிய வராது. நான் தோளுல ஒரு தட்டுத் தட்டி, "சஷ்டி, ஒருக்களிச்சுப் படு"ம்பேன். தூக்கத்துலயே திரும்பிப் படுப்பா. ஒரு செருமல், மூச்சு வந்துரும். மூணு வயசுல இருந்து இப்படித்தான். எங்க வம்சத்து மூச்சு அப்படித்தான்னு நெனச்சேன். என் கை தூக்கத்துலயே போயிரும், தட்டிட்டு வந்துரும், எனக்கே தெரியாது.

இது டாக்டருக்குத் தெரியுமா? தெரியாது. பெத்தவளுக்கே தெரியாது.

அன்னைக்கும் அப்படித்தான் நின்னுச்சு. மல்லாக்கத்தான் கெடந்தா. கை எட்டுற தூரந்தான். அந்தம்மா எதிர்ல உக்காந்து என்னையவே பாத்துக்கிட்டு இருக்கும்போது எப்படிக்கா தட்டுறது.

என்னங்க அப்படிப் பாக்குறீங்க. தண்ணி இருந்தாக் குடுங்க.

அந்தம்மாவும் இன்னைக்கு அங்க வருதாம். எங்க சம்பந்தம் முறிஞ்ச பொறகும் பவானியோட அப்படி ஒரு சினேகிதம், ரசம் வச்சுக் கொண்டாருதாம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல போட்டு உக்காந்திருக்கும். உக்காரட்டும். நாகஜோதிக்கு வேற எடம் பாத்து, அந்த எடத்துக்காரங்களும் வந்து வரிசையா உக்காந்தாலும் உக்காரட்டும். என்னைய வெளிய போகச் சொன்னா வாசல்ல நின்னுக்கிறேன், எங்கொரலு உள்ள வரைக்கும் போகும்.

இந்தா, ஸ்டாப்பு வந்துருச்சு. எறங்குறேங்கக்கா, பைய எடுத்துக் குடுங்க. அந்த டாக்டரம்மா கேட்டாச் சொல்லுவேன். கேக்காட்டியும் சொல்லுவேன்.